செல்போன் வந்த பிறகும் காதல் படங்கள் ஏன் பிளாட்பாரத்தில் முடிகின்றன?

(ஓர் இணைய இழை. பதிவுகளின் மேலே இருப்பவை எழுதியவர்களின் புனைபெயர்கள்.)

மாட்னி ஷோ:
நம் காதல் படங்கள் கடைசி ரீல் வந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடுவது ஏன்? மூன்றாம் பிறைக்கு (1982) ஊட்டிப் பக்கத்துக் கேத்தி ஸ்டேஷன். மௌன ராகம் (1986) ரயிலில் முடிகிறது, காதல் கோட்டையும் (1996) ரயிலில்தான். அப்போதாவது ஒரு நியாயம் இருந்தது. வண்டி போய்விட்டால் ஆளைப் பிடிக்க முடியாது, கடிதம் போட்டால் பதில் வர ஒரு வாரம். இன்றைக்கு வாட்ஸாப்பில் ஒரு வரி தட்டினால் வண்டி அரக்கோணம் தாண்டுவதற்குள் பதில் வந்துவிடும். ஆனாலும் 96 படம் (2018) விமான நிலையத்தில் போய் நிற்கிறது. ரயிலுக்குப் பதில் விமானம், அவ்வளவுதான் முன்னேற்றம்.

என் கட்சி இது: சொல்லாத காதல், தப்பான புரிதல், திடீர் நோய், கடைசி நிமிட ஓட்டம் எல்லாம் தந்திக் காலத்துச் சரக்கு. மறுப்பவர்கள் வரலாம்.

டூரிங் டாக்கீஸ்:
தம்பி, நீங்கள் ஸ்டேஷனைப் பார்த்தீர்கள், அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. மௌன ராகத்தில் மனைவி போவது அவளுடைய பெற்றோர் வீட்டுக்கு. மறுநாளே அவன் அங்கே போய்க் கதவைத் தட்டலாம். தகவல் கிடைக்காத பிரச்சினையே அங்கே இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது என்ற சட்டத்தை வைத்துத்தான் அந்தக் கதையே ஓடுகிறது. அந்த ஒரு வருஷம் முழுக்க ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் வாய் வரவில்லை. வண்டி கிளம்பும் நேரம் என்று ஒரு கெடு வைத்தால்தான் வருகிறது. அதுவரை அளந்து அளந்து பேசிய மனுஷன் வண்டிக்குள் ஏறி அபாயச் சங்கிலியை இழுக்கிறான் பாருங்கள், அதற்காகத்தான் அங்கே ரயில்.

மூன்றாம் பிறையில் பழைய நினைவு திரும்பியதும், ஜன்னலுக்கு வெளியே மழையில் நிற்பவனை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. அவன் கையில் ஐபோனைக் கொடுத்தால் மட்டும் என்ன செய்துவிடுவான்?

96-ல் ஓட்டமே கிடையாது. அவனே கூடப் போய் வழியனுப்புகிறான். இன்னொன்று, அந்த இருவரையும் இருபது வருஷம் கழித்துச் சந்திக்க வைப்பதே பழைய வகுப்பு நண்பர்களின் வாட்ஸாப் குழுதான். உங்கள் போன் அங்கே பிரிவைத் தடுக்கவில்லை. பிரிந்தது பிரிந்ததுதான் என்று காட்டிக் கொடுக்கிறது.

மாட்னி ஷோ:
அண்ணே, வசதியாகக் காதல் கோட்டையைத் தாண்டிவிட்டீர்களே. முகம் பார்க்காமல் கடிதத்திலேயே காதல், எதிரில் நின்றாலும் யாரென்று தெரியாது. அகத்தியனுக்கு இயக்கத்துக்கான தேசிய விருது வாங்கித் தந்த படம், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு டி.பி. போதும், முதல் பாட்டுக்கு முன்பே சுபம் போட்டுவிடலாம்.

டூரிங் டாக்கீஸ்:
அதற்கு லவ் டுடே (2022) இருக்கிறதே! பெண்ணின் அப்பா காதலர்கள் இருவரையும் ஒரு நாளைக்குப் போனை மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அன்றைக்குக் கடிதம் போய்ச் சேராதது தடை. இன்றைக்கு எல்லாமே கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது தடை. வழக்கம் சாகவில்லை, கருவி மாறியிருக்கிறது. அகப்பாட்டிலும் இதேதான். தலைவன் பெயரைச் சொல்லக் கூடாது, பிரிவு என்றால் பாலை, காத்திருப்பு என்றால் முல்லை. இத்தனை கட்டுக்குள் நின்றுதான் அவ்வளவு பாட்டும் எழுதினார்கள்.

மாட்னி ஷோ:
வந்துவிட்டது சங்க இலக்கியம். இன்னும் தொல்காப்பியர் மட்டும்தான் பாக்கி.

வைகைக் கரை:
இரண்டு பேரும் போனைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். டூரிங் அண்ணன் சங்கப் பாட்டை எடுத்ததால் கேட்கிறேன், அதில் உடன்போக்கு என்று ஒன்று உண்டே, அதை ஏன் விட்டீர்கள்? கலித்தொகையில் ஒரு பாட்டு. மகள் காதலனோடு போய்விட்டாள். செவிலித்தாய் பாலை வழியில் தேடிப் போகிறாள். எதிரே வந்த அந்தணர்கள், சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்பவருக்குத்தானே பயன், மலைக்கு அதனால் என்ன, அவள் போனது சரியான வழிதான் என்று சமாதானம் சொல்லி அனுப்புகிறார்கள்.

இப்போது ‘காதல்’ என்ற படத்தை (2004) எடுங்கள். மதுரையிலிருந்து மெக்கானிக் பையனோடு சென்னைக்கு ஓடுகிறாள். தேடி வருபவர் சித்தப்பா. அடிக்கவில்லை, திட்டவில்லை, நல்லபடியாகப் பேசித்தான் கூட்டிப் போகிறார். அந்த நல்ல பேச்சுதான் படத்திலேயே பயங்கரமான இடம். ஊருக்குப் போன பிறகுதான் சாதி வெளியே வருகிறது.

நான் கேட்பது இதுதான். கல்யாண பரிசில் (1959) அக்காவுக்காகத் தங்கை தியாகம் செய்கிறாள். நெஞ்சில் ஓர் ஆலயத்தில் (1962) டாக்டர் செத்துப் போகிறார். பயணங்கள் முடிவதில்லையில் (1982) கேன்சர். நல்ல படங்கள்தான், எங்கள் அம்மா இன்றைக்கும் அழுகிறார்கள். ஆனால் யார் மேலும் பழி விழாத பிரிவாகவே ஏன் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள்? நோய்க்குச் சாதி கிடையாது, விதிக்குச் சொந்தக்காரர் கிடையாது. படம் பார்த்துவிட்டு யாரும் சங்கடப்படாமல் வீட்டுக்குப் போகலாம். உங்கள் பிளாட்பாரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிரித்த ஆட்கள் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகிறார்கள், ரயில் மட்டும் வில்லனாக நிற்கிறது.

டூரிங் டாக்கீஸ்:
அப்படியானால் சோகத்துக்கு இடமே இல்லையா, தங்கச்சி? எல்லாப் பிரிவுக்கும் எஃப்.ஐ.ஆர். போட முடியுமா? மனசு மாறிப் பிரிகிறவர்கள் இல்லையா?

ஏ சென்டர்:
கொஞ்சம் வியாபாரமும் பேசுவோம். விண்ணைத்தாண்டி வருவாயா தமிழில் பிரிவில் முடிகிறது. அதே கதை, அதே கௌதம் மேனன், தெலுங்கில் காதலர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டும் வெளியானது ஒரே நாள், 2010 பிப்ரவரி 26. பிரிவு அந்தக் கதையின் உயிர்நாடி என்றால் ஆந்திர எல்லை தாண்டியதும் அது எங்கே போனது? டூரிங் சார் இலக்கணம் என்கிறார், எனக்கு அது பிரியாணியில் ஊருக்கு ஊர் காரம் மாற்றிப் போடுவது மாதிரிதான் தெரிகிறது.

டூரிங் டாக்கீஸ்:
தமிழ்ப் பதிப்பை மறுபடி பாருங்கள். நாயகன் கார்த்திக் தன் காதலையே படமாக எடுக்கிறான், அந்தப் படத்துக்குள் ஜோடி சேர்ந்துவிடுகிறது. அதைத் தியேட்டரில் உட்கார்ந்து நாயகி ஜெஸ்ஸியே பார்க்கிறாள். சேர்வது சினிமா வழக்கம் என்று சினிமாவுக்குள்ளேயே சொல்லிவிட்டு, வெளியே வேறொன்றைக் காட்டுகிறார்கள். வழக்கம் நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்த அடி விழுகிறது. வழக்கத்தை ஒழித்துவிட்டால் எதை மீறுவீர்கள்?

மாட்னி ஷோ:
இது நல்ல பதில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வழக்கத்தை இந்த இழையில் யாரும் தொடவே இல்லை. வேண்டாம் என்றவள் பின்னால் படம் முழுக்கச் சுற்றுவது. பெண்ணைப் பின்தொடர்வது குற்றம் என்று 2013-ல் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவைச் சேர்த்தார்கள். மூன்று வருஷம் கழித்து ரெமோ. நிச்சயமான பெண்ணை நர்ஸ் வேஷத்தில் ஏமாற்றிப் பழகி மனசை மாற்றுவதுதான் கதை. அண்ணே, இதையும் முல்லைத் திணையில் சேர்ப்பீர்களா?

டூரிங் டாக்கீஸ்:
அதைப் பொருந்தாக் காதலுக்கான பெருந்திணையில் தள்ளுவேன், கவலை வேண்டாம். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எல்லா வழக்கமும் நல்லது என்று நான் எங்கே சொன்னேன்?

ஏ சென்டர்:
வைகைக் கரை அக்காவுக்கு ஒரு கேள்வி. தடையை நேராகப் பெயர் சொல்லிவிட்டு, சேர்த்தும் வைத்த படம் இருக்கிறதே? அலைகள் ஓய்வதில்லை (1981). அவன் பூணூலை அறுக்கிறான், அவள் சிலுவையைக் கழற்றுகிறாள், இருவரும் போய்விடுகிறார்கள். இதற்கும் குறையா?

வைகைக் கரை:
போய்விடுகிறார்கள், சரி. எங்கே? இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயசு. அடுத்த ஊரில் வீட்டு வாசலில் நின்றால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது வாடகை அட்வான்ஸா, நீங்கள் என்ன ஆட்கள் என்பதா? அந்தக் கேள்வி வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. அலைபாயுதே (2000) கல்யாணத்துக்குப் பிறகும் தொடர்கிறது, பாராட்டுகிறேன். ஆனால் அதில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே இருப்பது பணமும் ரோஷமும்தான். பெயர் சொல்லப்பட்ட சாதி, சேர்ந்த ஜோடி, கல்யாணத்துக்குப் பிந்தைய ஒரு வருஷம், இந்த மூன்றும் உள்ள காதல் படம் ஒன்றைச் சொல்லுங்கள். அதன் கடைசிக் காட்சியை எந்த ஸ்டேஷனில் எடுத்திருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாட்னி ஷோ:
டூரிங் அண்ணே, இந்தக் கேள்வி உங்களுக்குத்தான். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன், இடைவேளைக்கு வந்து பார்க்கிறேன்.