லேப்டாப்பை விற்றுத் தின்றோம் என்று சொன்னவருக்கு

முக்கூடல்காரி:
நேற்று இங்கே பாளை வாத்தியார் எழுதியது: “கம்ப்யூட்டர் வந்துதான் நம் பக்கத்துப் படிப்பு கெட்டது. அரசு கொடுத்த லேப்டாப்பை வாங்கிய மாதமே விற்றார்கள், விற்காதவர்கள் படம் பார்த்தார்கள்.” படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. எங்கள் வீட்டு லேப்டாப்பை விற்கவில்லை சார். அம்மா பீடி சுற்றிக் கடன் அடைத்த வருஷத்திலும் விற்கவில்லை.

பாளை வாத்தியார்:
அம்மா, 2011 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது நான் உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ வகுப்பாசிரியர். என் கையால் கொடுத்தேன். மூடியில் இருந்த முதலமைச்சர் படத்தைச் சுரண்டிவிட்டுக் கடையில் வைத்திருந்ததையும் என் கண்ணால் பார்த்தேன். விற்றார்கள்.

சேரன்மாதேவி மணி:
சார் சொல்வது சரி. இப்போது எந்தப் பையனுக்காவது கையெழுத்து இருக்கிறதா? தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறான். எங்கள் காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் என்று இரண்டு பரீட்சையும் முடித்தால் வேலை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

முக்கூடல்காரி:
மணி அண்ணாச்சி, இன்ஸ்டிட்யூட்டுக்குப் பீஸ் கட்ட முடிந்தவர்களின் கதை அது. நான் வாத்தியாரிடம் கேட்கிறேன். உங்கள் வகுப்பில் விற்றது எத்தனை பேர்?

2017 வரை பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னைக்கே போக வேண்டும். அப்பாவின் கூலி போகும், நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட், அங்கே தங்க இடம். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு தூரம்” என்று அதிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள். 2018-ல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்தது. தங்கைக்கு வர வேண்டிய லேப்டாப் அப்போது வந்துசேரவில்லை. என்னுடையதை வைத்துத் திண்ணையில் உட்கார்ந்தே விருப்பப் பட்டியலைப் போட்டாள். பிரவுசிங் சென்டருக்கு யார் கூட்டிப்போவது என்று வீட்டில் சண்டை இல்லை. இதெல்லாம் படிப்பைக் கெடுத்ததா?

பாளை வாத்தியார்:
ஒரு வீட்டுக் கதையைச் சொல்லி ஊர்க்கதையை மறைக்காதீர்கள். விற்றார்கள் என்றால் விற்றார்கள்தான்.

தென்காசி சாரல்:
அக்கா சொல்வதில் பாதிதான் நியாயம். 2020-ல் பள்ளியை மூடிவிட்டு எல்லாம் போனில் பாடம் என்றார்கள். அதில்தான் பிள்ளைகள் கேமில் விழுந்தார்கள். இன்றுவரை எழவில்லை.

முக்கூடல்காரி:
தம்பி, போன் யார் கையில் இருந்தது? எங்கள் தெருவில் பல வீட்டில் ஒரே போன், அது பையனுக்கு. பெண்பிள்ளை மடியில் பீடித்தட்டு. கல்வித் தொலைக்காட்சி ஓடும், இவள் இலை வெட்டிக்கொண்டே பார்ப்பாள். சந்தேகம் கேட்க அதில் ஆள் ஏது? எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தார்கள். அதற்குள் ஒரு பிள்ளைக்குக் கை பழகிவிட்டது, சம்பாத்தியமும் வருகிறது. பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்திருந்தால்? கெடுத்தது கம்ப்யூட்டர் இல்லை, யாருக்குக் கொடுப்பது என்று வீட்டில் எடுத்த முடிவு.

சேரன்மாதேவி மணி:
சாரல் தம்பி, 2019-லேயே தனி மாவட்டம் வாங்கிக்கொண்டு போயாச்சு. திருநெல்வேலிப் படிப்பைப் பற்றி உமக்கென்னவே?

தென்காசி சாரல்:
மாவட்டம் பிரித்தால் குற்றாலத் தண்ணீரும் தாமிரபரணிக்கு வராதா? சிற்றாறு எங்கே போய்ச் சேர்கிறது என்று சீவலப்பேரியில் போய்ப் பாரும்.

சேரன்மாதேவி மணி:
ஆற்றை ஏன் இழுக்கிறீர்? டைப்ரைட்டிங் பற்றி ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

முக்கூடல்காரி:
ஆறும் மாவட்டமும் இருக்கட்டும். வாத்தியார் இன்னும் எண்ணிக்கை சொல்லவில்லை. சரி, விற்ற பிள்ளை ஒன்றின் வீட்டுக்காவது போய், ஏன் விற்றார்கள் என்று கேட்டீர்களா? ஆஸ்பத்திரிச் செலவா, அக்கா கல்யாணமா? பள்ளி நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டர் லேபைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போன வாத்தியார்களை நானும் பார்த்திருக்கிறேன். நான் படித்த பள்ளியில் வருஷம் முழுக்க உறை போட்டே வைத்திருந்தார்கள்.

பாளை வாத்தியார்:
ஆசிரியர்களைக் குறை சொல்வது உங்கள் தலைமுறைக்கு வழக்கம். லேபில் ஒரு மவுஸ் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். பூட்டத்தான் செய்வேன்.

முக்கூடல்காரி:
பூட்டினீர்கள், சரி. எத்தனை பேர் விற்றார்கள்?

பாளை வாத்தியார்:
கண்ணால் பார்த்தேன் என்கிறேன், அப்புறம் என்ன எண்ணிக்கை?

சேரன்மாதேவி மணி:
ஹையர் முடித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?