மேப்பிள் மரத்தில் சாறு இறக்கியவர்கள் இருக்கிறீர்களா?

வடலி (ஸ்கார்பரோ):
மேப்பிள் பாணி (சிரப்) காய்ச்சவென்று பின்வளவு சுகர் மேப்பிளில் போன மார்ச்சில் குழாய் அடித்தேன். துளை போடுவது, வாளி கட்டுவது எல்லாம் இங்கே தெரிந்த கதைதான், விடுங்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பனங்கூடலுக்குள் வளர்ந்தவர். என் பனிச்சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து, சொட்டிய சாற்றை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார். "தண்ணி மாதிரிக் கிடக்கு." பிறகு வாளியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "சுண்ணாம்பு பூசேல்லையோ? பொழுதுபடக் கள்ளாப் போயிடுமே."

இந்தக் குளிரில் புளிக்காது என்று சொன்னேன். நம்பவில்லை. தினமும் காலையில் மோந்து பார்ப்பார். மார்ச் முழுக்க என் பேச்சுதான் வென்றது. ஏப்ரலில் வெயில் ஏறியதும் சாறு கலங்கி, ஒரு புளிச்ச வாடை. அம்மா வாயே திறக்கவில்லை. வாளியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

கணக்கப்பிள்ளை (ஒட்டாவா):
சுகர் மேப்பிள்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நகரத்து வளவுகளில் நிறைய நிற்பது நார்வே மேப்பிள். கோடையில் இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள், பால் வந்தால் நார்வே. அதிலும் சாறு எடுக்கலாம், இனிப்பு குறைவு, அவ்வளவுதான். என் வேலியோரம் நின்றது மனிடோபா மேப்பிள். பெரிய அண்டா நிறையக் காய்ச்சி ஒரு ஜாம் போத்தல்கூட நிறையவில்லை. மனைவி போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்கா இவ்வளவு விறகு?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

40 லிட்டர் சாற்றுக்கு 1 லிட்டர் பாணி என்று எல்லோரும் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 86ஐ சாற்றின் சர்க்கரை சதவீதத்தால் வகுக்க வேண்டும். 2 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் பாணிக்கு 43 லிட்டர் சாறு, 1 சதவீதம் என்றால் 86. அப்புறம், அடிமரம் நெஞ்சளவு உயரத்தில் 25 செ.மீ. விட்டமாவது இருக்க வேண்டும். பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போடாதீர்கள். துளையை மெழுகு வைத்து அடைக்கவும் வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும். வீட்டு முன்பக்க மரம் பெரும்பாலும் நகரசபையுடையது, அதில் கை வைக்காதீர்கள். சாற்றைப் பாலைப் போல் குளிரில் வைத்து, சீக்கிரம் காய்ச்சிவிடுங்கள். மொட்டு வெடித்தால் நிறுத்திவிடுங்கள், அதன்பின் வரும் பாணியின் ருசியை நாய்கூடச் சீண்டாது. வாளியில் மிதக்கும் ஐஸை எறிந்துவிடுங்கள், அது வெறும் தண்ணீர். விறகாவது மிஞ்சும்.

தணல் (மிசிசாகா):
வடலி கதை கேட்டார், நீங்கள் வகுப்பு எடுத்துவிட்டீர்கள். சரி, என்னுடையது சின்னது. கொல்லையில் செங்கல் அடுக்கி விறகில் காய்ச்சினேன். வீட்டுக்குள் காய்ச்சினால் அத்தனை ஆவியும் சுவரில்தானே இறங்கும்? பொழுது சாயும்போது வெப்பமானியில் 103. தண்ணீர் கொதிநிலைக்கு மேல் 4 டிகிரி, அதாவது 104 தொட்டால் இறக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத் தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது! யாரோ புகையைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்கள். முழு உடுப்பில் ஒருவர் தட்டுக்குள் குனிந்து பார்த்தார், முகக் கண்ணாடியில் ஆவி படிந்தது. நல்ல வாசம் என்றார். உடனே நெருப்பை அணைக்கச் சொன்னார். ஒரு டிகிரி ஐயா, ஒரே ஒரு டிகிரி! அடுப்படியில் கொண்டுபோய் முடித்தேன், ஆனாலும் மனசு ஆறவில்லை.

யாழினி (மார்க்கம்):
எங்கள் வீட்டில் மாமா தோசையைப் பாணியில் தோய்த்து வாயில் வைத்தவர், மெல்லுவதைச் சட்டென்று நிறுத்திவிட்டார். நறநற. "மண் கலந்திருக்கே, பிள்ளை?" மண் இல்லை, சாறு சுண்டும்போது தானாகத் திரளும் உப்பு, பெரும்பாலும் கால்சியம் மாலேட். மெல்லிய துணியில் நிற்காது, தடித்த கம்பளி வடியில் சூட்டோடு வடிக்க வேண்டும். எவ்வளவு விளக்கியும் மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தோசைக்குச் சட்னிதான் கேட்கிறார்.

கணக்கப்பிள்ளை அண்ணா, ஐஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது முக்கால்வாசிதான் சரி. கொஞ்சம் சர்க்கரை அதற்குள்ளும் மாட்டிக்கொள்ளும். அடுத்த தடவை எறியுமுன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.