அப்டேட்: கண்ணாடி ஓரத்துல விழுற கோடு
முன்னாடி கேட்டிருந்தேன்ல, ஆபீஸ் கண்ணாடி தொடைச்சா நடுவுல பளிச்னு வருது ஓரத்துல மட்டும் கோடு விழுதுன்னு, அது இப்ப சரியாயிடுச்சு. ஃபிரேம் ரப்பர் இடுக்குல நிக்கிற தண்ணிதான் காரணம், வைப்பர் (தண்ணிய வழிக்கிற ரப்பர் பிளேடு வெச்ச கைப்பிடி) அங்க பட்டதும் அத இழுத்துட்டு வந்துடுது. அதனால சோப்புத்தண்ணி போட்டதும் மேல் ஓரத்தயும் இழுக்க ஆரம்பிக்கிற பக்கத்தயும் ஒரு விரல் அகலத்துக்கு துணியால ஒத்தி காயவெச்சுட்டு, அந்த காஞ்ச எடத்துலேருந்துதான் இழுக்குறேன், ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேட தொடச்சிடணும். வைப்பரோட ரப்பர் முனை மழுங்குனா திருப்பிப் போடுங்க, இன்னொரு பக்கமும் யூஸ் ஆகும். கடைசில ஓரத்த காஞ்ச மைக்ரோஃபைபர்ல ஒரே இழுப்பு, ஈரத்துணி வேணவே வேணாம். வினிகர் போட்டுப் பாக்கச் சொன்னவங்களுக்கு நன்றி, ஆனா இந்தக் கோட்டுக்கு அது ஒண்ணும் செய்யல, போர் தண்ணி உப்புக்கறைக்கு வேணா ஆகும்.