கழுத்துத் தமனியில் படிவு, டிரெட்மில் சோதனை இயல்பு: மருந்து தொடங்க வேண்டுமா?

மதுரையில் வசிக்கும் என் தம்பிக்கு வயது 42. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இல்லை. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் இல்லை. இரத்த அழுத்தம் 130/84. எங்கள் அப்பா 49 வயதில் மாரடைப்பால் இறந்தார் என்பதால், சென்ற மாதம் அவனை வற்புறுத்திப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொழுப்பு 228, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 158, நல்ல கொழுப்பான எச்டிஎல் 36, இரத்தத்தில் உள்ள மற்றொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 170 என வந்தது. 50 மி.கி.க்கு மேல் போனாலே அதிகம் எனக் கருதப்படும் லிப்போபுரோட்டீன்-ஏ (பரம்பரையாக அமையும் ஒரு வகைக் கொழுப்புத் துகள்) 92 இருக்கிறது. கழுத்து டாப்ளர் ஸ்கேனில், இடப்பக்கத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே 1.8 மி.மீ. தடிமனுள்ள மென்மையான கொழுப்புப் படிவு தெரிகிறது; இரத்த ஓட்டத்தில் தடை இல்லை. வலப்பக்கச் சுவரின் தடிமன் 0.8 மி.மீ.

ஓராண்டாக எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்த்து, தினமும் நடந்தும், எல்டிஎல் 166-இலிருந்து இவ்வளவுதான் குறைந்திருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்தை உடனே தொடங்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் சோதனை இயல்பாக இருப்பதால் ஆறு மாதம் பொறுக்கலாம் என்கிறார் மற்றொருவர். ஆனால் இதயத் தமனி பெருமளவு குறுகிய பிறகே அச்சோதனையில் மாற்றம் தெரியும் என்பதால், அதை நம்பிக் காத்திருக்க எனக்குத் துணிவில்லை.

இதய மருத்துவம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்: இந்நிலையில் இதயத் தமனிகளின் கால்சியம் அளவைக் காட்டும் சிடி ஸ்கேன் எடுத்த பிறகு முடிவு செய்வது நல்லதா, அல்லது கழுத்தில் தெரியும் படிவே மருந்தைத் தொடங்கப் போதுமான காரணமா?