'ஃபார் அஸ் டீச்சர்ஸ்' சரியா, 'ஃபார் வீ டீச்சர்ஸ்' சரியா?

கேள்வி: பள்ளி ஆசிரியை
எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். பிரிவு விழாவில் ஆங்கில வாழ்த்துரை என் பொறுப்பு. 'இட் இஸ் எ ப்ரவுட் டே ஃபார் அஸ் டீச்சர்ஸ்' என்று எழுதியிருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் சார், "மேடையில் 'வீ டீச்சர்ஸ்'தான் கம்பீரம். அரசியலமைப்பே 'வீ, த பீப்பிள்' என்றுதானே ஆரம்பிக்கிறது" என்கிறார். எதை வாசிக்கட்டும்?

பதில்: பிழைதிருத்துநர்
'அஸ்' தான் டீச்சர், தயவுசெய்து மாற்றாதீர்கள். 'டீச்சர்ஸ்' என்ற சொல்லை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். 'ப்ரவுட் டே ஃபார் அஸ்' சரியாக வரும், 'ஃபார் வீ' வராது. பக்கத்தில் பெயர்ச்சொல் வந்து உட்கார்ந்துவிட்டால் பிரதிப்பெயரின் வேலை மாறிவிடாது.

சார் காட்டிய உதாரணம் நல்ல உதாரணம், ஆனால் அது உங்கள் பக்கம்தான் பேசுகிறது. முகப்புரையை முழுசாகப் படித்தால், 'வீ' எங்கோ மேலே நிற்கும். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் கடந்து, 1949 நவம்பர் 26 என்ற தேதியும் கடந்து, கடைசியில்தான் 'டூ ஹியர்பை அடாப்ட், எனாக்ட் அண்ட் கிவ்' என்று வினை வரும். ஏற்பதும் இயற்றுவதும் வழங்குவதும் அந்த 'வீ'. அது எழுவாய், அதனால்தான் 'வீ'. அதே வாக்கியத்தில் மக்கள் பெற்றுக்கொள்கிற இடத்தைப் பாருங்கள்: 'டு அவர்செல்வ்ஸ்'!

உங்களுக்கு 'வீ' வேண்டுமென்றால் வாக்கியத்தையே திருப்புங்கள்: 'வீ டீச்சர்ஸ் ஆர் ப்ரவுட் டுடே.' எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கிறது, மேடையில் வாய்க்கும் சுலபம்.

பதில்: கல்லூரி மாணவன்
ஷேக்ஸ்பியரே 'த மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' நாடகத்தில் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதியிருக்கிறாரே? அன்டோனியோவின் கடிதத்தில் வருகிறது.

பதில்: பிழைதிருத்துநர்
வருகிறது தம்பி. அவர் காலத்தில் அதைத் தப்பென்று யாரும் கோடு போடவில்லை. இன்றைக்கு அச்சுக்குப் போனால் 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்றுதான் திருத்துவோம். நாம் தமிழில் 'உனக்கும் எனக்கும்' என்று இரண்டுக்கும் வேற்றுமை உருபு போடுகிறவர்கள், நமக்கு இது கஷ்டமே இல்லை. 'மீ' மரியாதைக் குறைவு என்று நினைத்து எல்லா இடத்திலும் 'ஐ' போடும் பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

கேள்வி: பள்ளி ஆசிரியை
மிக்க நன்றி சார், வாக்கியத்தைத் திருப்பிவிட்டேன். இன்னொன்று. அவர் வகுப்பெடுக்கும் படம் ஒன்றை ஃப்ரேம் போட்டுக் கொடுக்கிறோம். 'எ ஃபோட்டோ ஆஃப் ஹிம்' என்பதா, 'ஆஃப் ஹிஸ்' என்பதா?

பதில்: பிழைதிருத்துநர்
படத்தில் இருப்பவர் அவர் என்றால் 'ஆஃப் ஹிம்'. அவர் எடுத்ததோ, அவரிடம் இருப்பதோ என்றால் 'ஆஃப் ஹிஸ்'. பெயர்ச்சொல் போட்டாலும் அப்படியே: 'ஆஃப் அவர் ஹெட்மாஸ்டர்' என்றால் படத்தில் அவர், 'ஆஃப் அவர் ஹெட்மாஸ்டர்ஸ்' என்றால் அவருக்குச் சொந்தமான படம். ஃப்ரேமின் கீழே எழுதுவதாக இருந்தால், கடைசி 'எஸ்' இல்லாமல் எழுதச் சொல்லுங்கள்.