ஆர்வி விமானத்தின் பெட்ரோல் டேங்க்: கசிவு எங்கே ஆரம்பிக்கிறது? (அனுபவப் பகிர்வு)

வான்ஸ் கம்பெனியின் ஆர்வி கிட் வாங்கி வீட்டு கராஜிலேயே விமானம் கட்டுகிறவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வாலில் ஆரம்பித்து இறக்கைக்கு வரும்போது எல்லோரும் தயங்கி நிற்கிற இடம் பெட்ரோல் டேங்க். ஆர்வி-7 மாடலில் டேங்க் என்று தனியாக ஒரு பாத்திரம் கிடையாது. இறக்கையின் முன்விளிம்பில் உடலை ஒட்டி இருக்கிற பகுதியே டேங்க். ஒரு பக்கத்துக்கு 21 கேலன், கிட்டத்தட்ட 80 லிட்டர். தகடு, ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா), பின்சுவர் எல்லாம் ரிவெட் அடித்துச் சேர்த்தது. ஒவ்வொரு ரிவெட் துளையும் பெட்ரோல் வெளியே வர ஒரு வழி. அந்த வழியை அடைப்பது பாலிசல்ஃபைடு சீலண்ட் என்ற ரப்பர் பசை மட்டும்தான்.

இந்த விவாத இழை டேங்க் பற்றி மட்டும். என்ன செய்தால் ஒழுகியது, என்ன செய்தால் நின்றது என்று அளவோடு எழுதுங்கள். புதிதாக இறக்கை ஆரம்பிக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவும்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒழுகிய டேங்கைத் திறந்து பார்த்தால், சீலண்ட் போதாமல் போன இடம் குறைவாகத்தான் இருக்கும். சீலண்ட் நிறையவே இருக்கும், ஆனால் தகட்டில் ஒட்டாமல், நகத்தால் நெம்பினால் ரப்பர் தோல் மாதிரி உரிந்து வரும். தப்பு நடந்தது பூசிய அன்று இல்லை, அதற்கு முன்னால் துடைத்த அன்று.

*

அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். துடைப்பதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

ஆல்க்ளாட் (தூய அலுமினியப் படலம் போர்த்திய அலுமினியக் கலவை) தகடு கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கும். அதன் மேல் சீலண்ட் நிற்காது. மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட்டால் பளபளப்பு போய் மங்கலாகும்வரை தேய்க்க வேண்டும். தகட்டில் ரிப் உட்காருகிற கோட்டோடு நிறுத்தாமல், சீலண்ட் பரவுகிற அகலம் முழுக்க, இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் சேர்த்து. ரிப்பின் மடிப்பு, மடிப்பின் உள்மூலை, ஸ்டிஃப்னரின் (தகட்டை விறைப்பாக்கும் பட்டை) அடி, எல்லாவற்றுக்கும் இதே கதை. டேங்க் உள்ளே பிரைமர் அடிக்காதீர்கள். பிரைமர் பெட்ரோலில் உரிந்தால் சீலண்டும் அதோடு கிளம்பிவிடும்.

பிறகு எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்) அல்லது அசிட்டோன், எண்ணெயைக் கரைக்கும் கரைப்பான். இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, தானாகக் காயட்டும் என்று விடக் கூடாது. கரைந்த எண்ணெய்ப் பிசுக்கு கரைப்பானில் மிதக்கிறது. கரைப்பான் ஆவியானால் பிசுக்கு மறுபடி தகட்டிலேயே படிந்துவிடும். ஒரு கையில் நனைந்த துணி, மறு கையில் காய்ந்த துணி. ஈரம் இருக்கும்போதே காய்ந்த துணியால் வழித்து எடுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை புதுத் துணி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறும் விரல் படக் கூடாது. ரிவெட்டுகளையும் ஒரு கிண்ணத்தில் கரைப்பான் ஊற்றி அலசி எடுத்து வையுங்கள். புது ரிவெட்டிலும் எண்ணெய் இருக்கும்.

கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும், தண்ணீர் சூடேற்றியின் பைலட் தீயை (எப்போதும் எரியும் சிறு தீ) அணைத்துவிடுங்கள். எம்இகே ஆவி தரையோடு ஊர்ந்து போய்த் தீயைத் தேடிப் பிடிக்கும்.

*

சீலண்ட் கலவை பற்றி. ஏஎம்எஸ்-எஸ்-8802 தரத்தில் வரும் பி-2 வகைதான் பெரும்பாலோர் கையில் இருக்கும். வெள்ளை பேஸ் 100 பங்குக்குக் கறுப்பு கேட்டலிஸ்ட் 10 பங்கு, எடை அளவில். டப்பாவில் வேறு விகிதம் போட்டிருந்தால் அதுதான் சரி. கண் அளவும் கரண்டி அளவும் வேண்டாம். 0.1 கிராம் காட்டும் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். 40 கிராம் பேஸுக்கு 4 கிராம் கறுப்பு. அதற்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம், கை வேகத்துக்கு அதுவே அதிகம்.

கலந்தது ஒரே சாம்பல் நிறமாக வர வேண்டும். வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தாலும் அந்த இடம் என்றைக்கும் காயாது, பிசுபிசுவென்றே இருந்து பெட்ரோலில் கரையும். கிண்ணத்தின் அடியையும் ஓரத்தையும் குச்சியால் வழித்து வழித்துக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழ் ஏறிவிடும்.

பி-2 என்றால் 25 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வேலை செய்யலாம் என்று அர்த்தம். 5 டிகிரி சூடு ஏறினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். டெக்சாஸில் ஜூலை மாத மத்தியானம் 35 டிகிரி கராஜில் உட்கார்ந்தால் அரை மணிதான் கிடைக்கும். காலை 6 மணிக்கு ஆரம்பியுங்கள். குளிர்காலத்தில் நேர் எதிர்: 10 டிகிரியில் ஒரு வாரமானாலும் முழுசாக இறுகாது.

பூசுவதற்கு நம் ஊர் மருதாணி கோன்தான் சரியான கருவி. தடித்த பாலிதீன் பையைக் கூம்பாகச் சுற்றி, நுனியில் 3 மில்லிமீட்டர் வெட்டினால் கோடு அளவாக விழும். மிச்சம் இருப்பதை ஒரு அட்டையில் தடவி, தேதியும் நேரமும் எழுதி டேங்க் பக்கத்திலேயே வையுங்கள். காய்ந்ததா இல்லையா என்று டேங்கைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, அந்த அட்டையைத் தொட்டால் போதும்.

*

ரிவெட் அடிக்கும்போது கவனிக்க வேண்டியது. ரிப்பின் மடிப்பில் மெல்லிய படலம் போதும், அப்பளத்தைவிட மெல்லிசாக. கெட்டியாக அப்பினால் டிம்பிளுக்குள் (ரிவெட் தலை உட்காரத் தகட்டில் அழுத்திய குழி) சீலண்ட் தேங்கி, ஏஎன்426 ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக உட்காராது. வெளியிலிருந்து விரலால் தடவினால் தலை துருத்துவது தெரியும். அதை இன்னும் அடித்துச் சரிசெய்யப் போனால் தகடு பள்ளம் விழும்.

3/32 அங்குல ரிவெட்டின் உள்தலை (அடிக்கும்போது நசுங்கி உருவாகும் முனை) 3.6 மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் உயரம் வர வேண்டும். சீலண்ட் வழுக்கலில் பக்கிங் பார் (உள்ளிருந்து முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி) நழுவி, தலை ஒரு பக்கம் சாய்ந்து சப்பையாகும். பத்து ரிவெட்டுக்கு ஒருமுறை பாரையும் ரிவெட் செட்டையும் துடையுங்கள். சாய்ந்த ரிவெட்டைத் துளைத்து எடுக்கப் போனால் துளை பெரிதாகலாம், அலுமினியத் துருவலும் உள்ளே விழும். லேசான சாய்வு என்றால் அப்படியே விட்டு மேலே சீலண்ட் மூடி போடுவது நல்லது.

அடித்து முடித்ததும் உள்தலை ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு. ரிப்பின் இரண்டு ஓரத்திலும் கோடு இழுத்து, ஐஸ் குச்சியின் வட்ட நுனியால் ஒரே இழுப்பில் குழிவாக வழியுங்கள். கிளீகோக்களை (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கவ்விகள்) அன்றைக்கே எம்இகேயில் போடாவிட்டால் மறுநாள் அவை குப்பைக்குத்தான்.

*

பின்சுவர் மூடும் நாள்தான் முக்கியம். மூடிய பிறகு வெளிப்பக்க அறைகளுக்குள் கை போகாது. மூடுவதற்கு முன் நான்கு வேலை: துருவலை வேக்குவம் போட்டு எடுப்பது, வென்ட் (காற்றுப்போக்கி) குழாயில் வாயால் ஊதி மறுமுனையில் காற்று வருகிறதா என்று பார்ப்பது, மிதவை எங்கும் முட்டாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது, பிக்கப் (பெட்ரோலை உறிஞ்சும்) குழாயின் நட்டை இறுக்கிப் பூட்டுவது.

கடைசி வேலையை லேசாக நினைக்காதீர்கள். அந்த நட்டு நாளடைவில் தளர்ந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. டேங்க் நிறைந்திருக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. பெட்ரோல் மட்டம் நட்டுக்குக் கீழே இறங்கியதும் பம்ப் காற்றை உறிஞ்சும், கேஜில் இன்னும் சில கேலன் காட்டும்போதே இன்ஜின் நின்றுவிடும்.

டேங்க் தகட்டின் பின்விளிம்புத் துளைகளுக்கு டிம்பிள் கிடையாது, கவுண்டர்சிங்க்தான் (அழுத்தாமல் கடைந்து எடுக்கும் குழி). டிம்பிள் போட்டால் பின்சுவர் உள்ளே சரியாமல் மாட்டிக்கொள்ளும். துளை வரிசைக்குக் கொஞ்சம் முன்னால் தகட்டில் தடித்த கோடு போட்டு, பின்சுவரை நேராக ஒரே தள்ளில் உள்ளே விடுங்கள். அது சீலண்டை முன்னால் தள்ளிக்கொண்டு போய் உள்பக்கம் தானாக மூலை கட்டும். ரிப், தகடு, பின்சுவர் மூன்றும் சேரும் மூலைகளில் இரண்டு மடங்கு வையுங்கள். கசிவுகளில் பாதி அங்கேதான். டேங்கை இறக்கைச் சட்டத்தோடு பிணைக்கும் இசட் பிராக்கெட்டுக்கு நுனி மூடிய ரிவெட்டையே போட வேண்டும். சாதாரண பாப் ரிவெட்டின் நடுத்துளை வழியாகவே ஒழுகும்.

*

சோதனை. கம்ப்ரெஸரை நேராக டேங்கில் மாட்டாதீர்கள்! 1 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) மேல் போகக் கூடாது. அதற்குள்ளேயே தகடு ரிப்புகளுக்கு நடுவில் உப்புவது கண்ணுக்குத் தெரியும். வென்ட் முனையில் ஒரு பலூன், பெட்ரோல் வெளியேறும் முனையில் சைக்கிள் பம்ப். பலூனே பாதுகாப்பு வால்வு மாதிரி வேலை செய்யும். துல்லியமாக வேண்டுமென்றால் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். 1 பிஎஸ்ஐ என்றால் இரண்டு மட்டத்துக்கும் 27.7 அங்குல வித்தியாசம்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் வரும், எத்தனையோ பேர் நல்ல டேங்கைப் பிரித்திருக்கிறார்கள். மூடிய காற்று 1 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் தண்ணீர் மட்டம் ஏறக்குறைய 1.4 அங்குலம் இறங்கும். சாயங்காலம் 27 அங்குலம், விடியற்காலை 5 டிகிரி குறைவு என்றால் 7 அங்குலம் காணாமல் போகும். அது கசிவு இல்லை, வானிலை. கராஜ் வெப்பம் அதே அளவுக்குத் திரும்பியதும் மறுபடி பாருங்கள். வெளிக்காற்று அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலும் 0.4 அங்குலம் ஆடும். வெப்பம் ஒன்றாக இருந்தும் இரண்டு நாளில் இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு.

சோப்புத் தண்ணீரை முதலில் நிரப்பு மூடி, வடிகால் வால்வு, பலூன் கட்டிய கழுத்து ஆகியவற்றில் தடவுங்கள். பாதிக் குமிழ் அங்கேதான் வரும். ரிவெட் வரிசைக்குப் பிறகு வாருங்கள்.

*

பறக்க ஆரம்பித்த பிறகு வரும் கசிவைப் பற்றி யாரும் எழுதவில்லையே, சார். 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலச் சாயம் போட்டது. ஆவியானாலும் நீலக் கறை தங்கும். இறக்கையின் அடியில் கறை தெரிகிற இடம்தான் கசிகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் மடிப்போடு ஊர்ந்து இரண்டு அடி தள்ளிக்கூடச் சொட்டும். நன்றாகத் துடைத்து, மெல்லிசாக டால்கம் பவுடர் தூவி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பவுடர் முதலில் நனைந்த இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

பெட்ரோல் அளவைக் கேஜுக்கு அனுப்பும் சென்டர் கருவித் தகட்டின் ஸ்குரூ, மூடித்தகட்டின் கேஸ்கெட் இவைதான் முதல் சந்தேகம். கார்க் கேஸ்கெட்டை எடுத்துவிட்டுச் சீலண்ட் வைத்தே மூடுகிறவர்கள் அதிகம். கழற்றும்போது கஷ்டம்தான், ஆனால் ஒழுகுவதில்லை. ஒற்றை ரிவெட் கசிந்தால் டேங்கைக் காலியாக்கி, நன்றாகக் காற்றோட்டம் கொடுத்துக் காயவிட்டு, வென்டில் மிக லேசான உறிஞ்சல் வைத்து, வெளியிலிருந்து ரிவெட் தலையில் ஒரு சொட்டு லாக்டைட் 290 விடுங்கள். பச்சைத் திரவம் இடுக்குக்குள் இழுபடும். மூலைக் கசிவுக்கு இது உதவாது. டேங்கைக் கழற்றி, பின்சுவரில் வட்டத் துளை வெட்டி, உள்ளே சரிசெய்து, மேலே தகடு போட்டு மூட வேண்டும். பெட்ரோல் பார்த்த டேங்கில் துளைக்கும் வேலை, ஆவி துளியும் இல்லை என்று உறுதியான பிறகுதான்.

*

பழைய ஆர்வி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருகாலத்தில் டேங்க் உள்ளே ஸ்லாஷ் என்ற வெள்ளைப் பூச்சை ஊற்றிக் குலுக்கி எடுக்கும் வழக்கம் இருந்தது. வருஷம் போகப் போக, குறிப்பாக எத்தனால் கலந்த கார் பெட்ரோல் பட்டால், அது செதில் செதிலாக உரிந்து பிக்கப் வலையை அடைக்கும். நிரப்பு மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் விலை பேசும்போதே அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

*

முதல் பறப்புக்கு முன் பெட்ரோல் ஓட்ட அளவு எடுக்காமல் போகாதீர்கள். 180 குதிரைத் திறன் ஓ-360 இன்ஜினுக்கு ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்கு 0.55 பவுண்டு என்று வைத்தால் 99 பவுண்டு, கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 16.5 கேலன். பம்ப் உள்ள அமைப்புக்கு அதில் 125 சதவீதம் வேண்டும்: மணிக்கு 20.6 கேலன். கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டால் ஒரு கேலன் 2 நிமிடம் 55 நொடிக்குள் விழ வேண்டும். மூக்கு, ஏறும் கோணத்தைவிட 5 டிகிரி கூடுதலாகத் தூக்கி இருக்கட்டும். இரண்டு டேங்குக்கும் தனித்தனியாக, குறைந்த பெட்ரோலில் செய்யுங்கள். ஓட்டம் நிற்கும்போது உள்ளே மிஞ்சியதுதான் பயன்படாத அளவு.

3/8 அங்குல மென்அலுமினியக் குழாயின் நட்டுக்கு 75 முதல் 125 அங்குல-பவுண்டு டார்க். ஃப்ளேர் (குழாய் நுனியை விரிக்கும் கோணம்) 37 டிகிரி. கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் கருவி 45 டிகிரி போடும். உட்கார்ந்த மாதிரியே தெரியும், பிறகு வெடிக்கும். பைப் திரெட்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் நூல்தான் ஃபில்டரில் கிடைக்கும். புது டேங்க் என்றால் ஃபில்டரை 5, 10, 25 மணி நேரத்தில் திறங்கள். முதல் தடவை துருவலும் சீலண்ட் துணுக்கும் கட்டாயம் இருக்கும்.

பிறகு ஆண்டுதோறும் கண்டிஷன் இன்ஸ்பெக்ஷனில் வென்ட் முனையின் வலையைக் கழற்றிப் பாருங்கள். உடலுக்கு அடியில் திறந்து நிற்கிற அந்தக் கால் அங்குலக் குழாய் குளவிக்கு ரொம்பப் பிடித்த வீடு. மண் வைத்து அடைத்துவிட்டால் டேங்கில் வெற்றிடம் ஏறி இன்ஜின் பட்டினியில் நிற்கும். ஹேங்கரில் நிறுத்தும்போது சிவப்பு நாடா கட்டிய மூடி போடுங்கள். வலை இருந்தாலும் போடுங்கள்.