டப்ளின் ஹென்ரியட்டா தெரு, 14-ஆம் எண் வீடு: போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

டப்ளின் போனால், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இந்தப் பழைய மாளிகையைத் தவறவிடாதீர்கள். வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க முடியும். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். வீடுகள் கட்டி விற்ற லூக் கார்டினர் 1740-களின் பிற்பகுதியில் கட்டியது. மோல்ஸ்வொர்த் பிரபுதான் முதல் குடி. உள்ளே போனதும் பெரிய மாடிப்படி எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1877-இல் வீட்டை வாங்கிய தாமஸ் வான்ஸ் அதைப் பிடுங்கிவிட்டு, மாளிகையை 19 குடித்தனங்களாகத் தடுத்தார். படிக்கட்டு இருந்த இடமெல்லாம் வாடகைக்கு விடும் இடம் ஆனது.

-----

அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே இது சேரி இல்லை. வான்ஸ் கொடுத்த விளம்பரத்தில் எரிவாயு, படிக்கட்டுத் திருப்பங்களில் கழிப்பறை, வார்ட்ரி நீர்த்தேக்கத்தின் குழாய்த் தண்ணீர், குடித்தனத்துக்கு ஒரு அடுப்பு எல்லாம் உண்டு. ஆனால் 1911 கணக்கெடுப்பில் இந்த ஒரே வீட்டில் 100 பேர். குடித்தனத்துக்குச் சராசரி ஐந்து பேருக்கு மேல்! இந்த நெரிசலின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1800-இல் அயர்லாந்தைப் பிரிட்டனோடு சேர்க்கும் இணைப்புச் சட்டம் வந்து அயர்லாந்தின் நாடாளுமன்றம் கலைந்ததும், பிரபுக்கள் லண்டன் பக்கம் போனார்கள். பெரிய வீடுகளுக்கு ஆள் இல்லை. ஏழைகளுக்கு வீடு இல்லை. ஒண்டிக்குடித்தனம் அப்படித்தான் பெருகியது.

-----

சுவர்களையும் பாருங்கள். பொதுவழிச் சுவர்களுக்குச் செங்காவியும், துணிக்குப் போடும் நீலமும்தான் அந்தக் காலத்து ஒண்டிக்குடித்தன வண்ணம். கடைசிக் குடும்பங்கள் 1970-களின் இறுதியில் போயின; 2018-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பிரபு காலத்துக்கு மட்டும் திருப்பாமல் ஏழைகளின் பூச்சையும் வைத்திருப்பதுதான் இந்தச் சீரமைப்பின் பெருமை.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு: இந்த வயதுச் செங்கல் சுவரில் சிமெண்ட் பாயிண்டிங் (செங்கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசுவது) கூடவே கூடாது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் அடைத்துவிடும். அப்புறம் ஈரம் செங்கல் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிரில் அது உறைந்து விரிய, செங்கல் முகமே செதில் செதிலாக உதிரும். டப்ளினின் ஜார்ஜியக் கால (18-ஆம் நூற்றாண்டும் 19-இன் தொடக்கமும்) சுவர்களுக்குள் இணைப்பு மரங்களும் புதைந்திருக்கும். ஈரம் தங்கினால் அவை உளுத்து, சுவர் பிதுங்கும். முதலில் கூரைக் கால்வாயையும் மழைநீர்க் குழாயையும் சரிசெய்யுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே காரை வேலையில் இறங்குங்கள்.